பூட்டு எங்கே இருந்தது? – சிறையையும் அடிமைத்தனத்தையும் எழுதிய சில நூல்கள்

ராயபுரம் கல்மண்டபத்தின் அருகே, எண்பதுகளில், ஒரு மாடிப்படியின் அடியில் வாடகை நூல்நிலையம் ஒன்று இருந்தது. எங்களில் மூவர் 'பட்டாம்பூச்சி'யை முதன்முதலாக அங்கிருந்துதான் எடுத்துப் படித்தோம். குமுதத்தில் ரா.கி. ரங்கராஜன் மொழிபெயர்ப்பில் தொடராக வந்த பக்கங்களை யாரோ பொறுமையாகக் கிழித்துச் சேர்த்து, கோணி ஊசியால் தைத்து, காலிகோ அட்டை போட்டு வைத்திருந்தார்கள். ஓர் அத்தியாயத்தின் முடிவில் கதாநாயகன் தனிமைச் சிறையில் அடைபடுவான். பக்கத்தைத் திருப்பினால் தலைவலித் தைல விளம்பரம். அந்தப் பிரதி கைமாறிக்கொண்டே இருந்தது. காசிமேட்டில் வலை பின்னுகிறவர்களும் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களும் அதைப் படித்தார்கள், அல்லது பிறர் படிக்கக் கேட்டார்கள். கடலைத் தினமும் பார்க்கிறவர்களுக்கு, தேங்காய் நிரப்பிய சாக்கைத் தழுவிக்கொண்டு அலையில் குதிக்கிறவனின் கதை பிடிக்காமல் போனால்தான் வியப்பு.

ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து அந்நூலை மறுபடி கையில் எடுத்தோம். திருவொற்றியூர் சன்னதித் தெருவில் நண்பர் ஒருவரின் மொட்டைமாடி அறையில், மாதத்தின் இரண்டாம் ஞாயிறுகளில் கூடுகிற நால்வர் நாங்கள். ஒருவர் துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஒருவர் பள்ளி ஆசிரியர். மற்ற இருவர் எண்ணூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் வேலை பார்ப்பவர்கள். சென்ற ஓராண்டு முழுவதும் சிறைப்பட்டோரையும் அடிமைப்பட்டோரையும் பற்றிய நூல்களை மட்டுமே படிப்பது என்று முடிவு செய்திருந்தோம். அதற்கு ஒரு காரணம் உண்டு. அதைச் சற்றுப் பின்னால் சொல்கிறோம். சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

'பட்டாம்பூச்சி'யை இம்முறை எங்களால் பழைய வேகத்தில் படிக்க முடியவில்லை. 1931இல் கொலைக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டு, தென்னமெரிக்காவின் பிரெஞ்சுக் கயானாவுக்கு நாடுகடத்தப்பட்ட ஹென்றி ஷாரியர் 1969இல் எழுதிய நூல் அது. தன்வரலாறு என்றுதான் வெளியானது. அதிலுள்ள பல நிகழ்ச்சிகள் பிற கைதிகளுக்கு நேர்ந்தவை என்று பின்னாளில் ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள். அது எங்களைப் பெரிதாக வருத்தவில்லை. வருத்தியது வேறு. அந்நூலில் சிறை எப்போதும் மனிதனுக்கு வெளியே இருக்கிறது. சுவர், காவலன், சுறாமீன், கடல். இவற்றை வென்றுவிட்டால் அவன் விடுதலையானவன். அவனுக்காகக் காத்திருக்கும் கடன்காரன் கரையில் எங்கும் இல்லை.

அலெக்ஸ் ஹேலியின் நூலையும் உடன் படித்தோம். ஏ.ஜி. எத்திராஜுலு தமிழில் தந்த 'ஏழு தலைமுறைகள்' மூலத்தைவிட மிகச் சுருங்கியது. ஆயினும் அதன் வழியாகத்தான் அமெரிக்க அடிமைமுறை தமிழ் வாசகரின் நெஞ்சில் ஏறியது. அங்கே பூட்டு பெயரில் இருக்கிறது. குன்ட்டா கின்ட்டே என்பவனை டோபி என்று அழைக்கிறார்கள். தப்பி ஓடியவனின் பாதத்தைப் பாதியாக வெட்டுகிறார்கள். இந்நூலின் மெய்ம்மை குறித்தும் வழக்கு வந்தது. ஹெரால்டு கூர்லாண்டரின் நாவலிலிருந்து பகுதிகள் எடுக்கப்பட்டதை ஒட்டி 1978இல் ஹேலி பணம் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொண்டார். உண்மைக் கதை என்று முரசறைந்து வந்த இவ்விரு நூல்களிலும் புனைவு கலந்திருக்க, நாவல் என்று அடக்கமாக வந்த சில நூல்களில் ஒவ்வொரு வரியும் சாட்சியமாக இருக்கிறது. இது எங்களுக்கு ஆண்டு முழுவதும் வியப்பாகவே இருந்தது.

அமெரிக்காவை விட்டு எங்கள் கரைக்கு வந்தோம். எண்ணூருக்கு வடக்கே பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். பதினேழாம் நூற்றாண்டில் துணியோடு மனிதர்களும் அங்கிருந்து பத்தாவியாவுக்குக் கப்பலேறினார்கள். பஞ்ச ஆண்டுகளில் அவ்வணிகம் பெருகியது. தெற்கே சென்னைக் கரையிலிருந்து 1860 அக்டோபரில் 'ட்ரூரோ' என்ற கப்பல் புறப்பட்டு, நவம்பர் 16 அன்று நேட்டாலின் டர்பனை அடைந்தது. அதில் சென்றவர்கள் 342 பேர். 1911 வரை இந்தியாவிலிருந்து நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன 1,52,184 பேரில் அவர்கள் முதல் தொகுதி. அப்போது சென்னையில் துறைமுகம் கிடையாது. மசூலாப் படகில் அலையைக் கடந்து, திறந்த கடலில் நிற்கும் கப்பலில் ஏற வேண்டும். அதற்கு நான்காண்டுகளுக்கு முன்புதான், 1856இல், ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை ரயில் ஓடத் தொடங்கியிருந்தது. ராயபுரம் நிலையத்தின் பெருந்தூண்களைப் பார்த்து வியப்பவர்கள், அந்தத் தண்டவாளத்தில் வடஆர்க்காட்டுக் கிராமங்களிலிருந்து யாரெல்லாம் வந்து இறங்கியிருக்கக்கூடும் என்று எண்ணுவதில்லை.

நேட்டால் கப்பல்களின் பயணிகள் பட்டியல்கள் இன்றும் உள்ளன. ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உடலிலுள்ள அடையாளம். எங்கள் டாலி கிளார்க் நண்பர் அதன் அச்சுப்பிரதியை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்திரண்டு ஆண்டுகள் கப்பலின் பக்கத்தில் நின்று இறங்கும் சரக்கை எண்ணியவர் அவர். "சரக்குக்கும் இதைத்தான் எழுதுவோம். மார்க்கு, நம்பர், டேமேஜ் இருந்தா டேமேஜ்" என்றார். பின்னர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு அன்றைய கூட்டம் முடியும்வரை எதுவும் பேசவில்லை.

ஐந்தாண்டு ஒப்பந்தம் முடிந்தால் விடுதலை என்று எழுதிய தாள் அவர்கள் கையில் இருந்தது. மலைத்தோட்டங்களுக்குப் போனவர்களுக்கு அதுவும் இல்லை. அவர்களுக்கு இருந்தது முன்பணம். புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' 1935இல் மணிக்கொடியில் வந்தது. திருநெல்வேலிச் சீமையின் ஒரு குக்கிராமத்திலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் மருதியின் கதை அது. அதில் எங்களை உலுக்கியது தோட்டத்துத் துரையின் கொடுமையைவிட, தாய் இருந்த அதே தோட்டத்தில் மகளும் வளர்கிறாள் என்ற செய்தியைப் புதுமைப்பித்தன் எவ்விதக் குரல் உயர்வும் இன்றிச் சொல்லிச் செல்வது. ஊரில் அவளைக் காப்பாற்ற எதுவுமே இல்லை. எனவே அவளைப் பூட்டி வைக்கத் தோட்டத்துக்கு வேலி தேவைப்படவில்லை.

கலைநயத்தில் 'எரியும் பனிக்காடு' துன்பக்கேணிக்கு அருகில்கூட வராது. இதை வெளிப்படையாகவே சொல்லிவிடலாம். பி.எச். டேனியல் ஒரு மருத்துவர். ஆனைமலைத் தோட்டங்களில் பணிபுரிந்தவர், பின்னர் அங்கே தொழிற்சங்கம் அமைத்தவர். முதிய தொழிலாளர்கள் சொல்லக் கேட்டவற்றைக் கொண்டு அவர் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவலை இரா. முருகவேள் 2007இல் தமிழுக்குக் கொண்டுவந்தார். 2013இல் வந்த 'பரதேசி' திரைப்படம் அதிலிருந்து எழுந்ததே. பாத்திரங்கள் சில இடங்களில் கட்டுரை வாசிப்பதுபோல் பேசுகின்றன. நல்லவர்கள் மிக நல்லவர்கள். ஆயினும் நாங்கள் படித்தவற்றில் எங்களை விடாமல் பிடித்துக்கொண்டது இதுதான். காரணம், கணக்கு.

கறுப்பனும் வள்ளியும் ஓராண்டு உழைத்தால் கையில் பணத்தோடு ஊர் திரும்பலாம் என்று நம்பி மலையேறுகிறார்கள். ஆண்டிறுதியில் கணக்குப் பார்க்கும் நாள் வருகிறது. முன்பணம் கழிகிறது, கம்பளி கழிகிறது, அரிசி கழிகிறது, காய்ச்சலில் படுத்த நாட்கள் கழிகின்றன. உழைத்தவர்கள் கடன்காரர்களாக எழுந்து வருகிறார்கள். கங்காணியை, அந்நூலின் வழக்கில் மேஸ்திரியை, வெறும் கொடியவன் என்று ஒதுக்கிவிட முடியாது. அவன் வெள்ளைக்காரன் அல்லன். அதே சீமையின் மொழி பேசுகிறவன். இத்தனை ஆளைக் கொண்டுவருகிறேன் என்று தோட்டத்திடம் பணம் வாங்கியவன். ஒருவரை ஒருவர் பிடித்திருக்கும் கைச்சங்கிலியில் அவனும் ஒரு கண்ணி. மருத்துவர் எழுதியது என்பதால் மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் அதில் துல்லியமாக இருக்கின்றன. ஆனால் அவர் கண்டுபிடித்த உண்மையான நோய் பேரேட்டில் இருந்தது.

இனிக் காரணத்தைச் சொல்ல வேண்டும்.

எங்கள் கூட்டத்துக்கு முன்பு ஐந்தாவதாக ஒரு நண்பர் வந்துகொண்டிருந்தார். எர்ணாவூர்க்காரர், எங்களைவிட இளையவர், வெல்டர். 2016இல் வளைகுடா நாடொன்றுக்கு வேலைக்குப் போனார். முகவருக்குக் கொடுத்த தொகையில் பாதி தாயாரின் நகை. கால் பங்கு தண்டல். தண்டல் என்றால் வடசென்னைக்கு வெளியே உள்ளவர்களுக்குப் புரியாமல் போகலாம்: வாங்கும்போதே வட்டியைப் பிடித்துக்கொண்டு கொடுத்து, அன்றாடம் வாசலில் வந்து வசூலிக்கும் கடன். எஞ்சிய கால் பங்கை நாங்கள் நால்வரும் கொடுத்தோம். வட்டி இல்லை, பத்திரம் இல்லை. நண்பனுக்குச் செய்த உதவி என்றே நினைத்தோம்.

அங்கே போன அன்றே பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். சொன்ன வேலை வேறு, தந்த வேலை வேறு. ஏழு மாதம் சம்பளம் வரவில்லை. ஓர் அறையில் பதினான்கு பேர். அவர் எங்களை எப்போதாவது தொலைபேசியில் அழைப்பார். நாங்கள் நலம் விசாரிப்போம். அதன் பின்னர், இரண்டு முறை, அந்தத் தொகையைப் பற்றியும் கேட்டோம். எங்களில் ஒருவரின் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. கேட்டதில் தவறில்லை என்று அன்று தோன்றியது. இரண்டாம் முறை கேட்ட பிறகு அவர் அழைப்பது நின்றது. தூதரகத்தின் வழியாக 2018இல் திரும்பி வந்தார். வந்து வேலையில் சேர்ந்து, முதல் ஐந்து மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து எங்கள் பணத்தைத் திருப்பித் தந்தார். நாங்கள் வாங்கிக்கொண்டோம்.

நெடுநாள் கழித்து, எங்கள் டாலி கிளார்க் நண்பரிடம் அவர் சொன்னது இது: "பாஸ்போர்ட்ட மொத நாளே கையில குடுத்திருந்தாலும் நான் வந்திருக்க மாட்டேன் சார். வந்து என்னா பண்றது? தண்டல்காரன் வாசல்ல நிப்பான். நீங்கள்லாம் நிப்பீங்க."

அந்தக் கடைசிச் சொல்லுக்காகத்தான் இவ்வளவு நூல்களையும் படிக்கத் தொடங்கினோம் என்றால் மிகையில்லை. 'எரியும் பனிக்காட்'டில் எங்களை நாங்கள் கறுப்பனிடத்தில் வைத்துப் படிக்க முடியவில்லை. மேஸ்திரியிடத்திலும் இல்லை. ஆள் மலையேறிப் போன பின்பு ஊரில் அமைதியாக இருந்துகொண்டு, எப்போது பணத்தோடு வருவான் என்று பார்த்திருக்கும் பெயரற்றவர்கள் சிலர் எல்லா அடிமைக் கதைகளிலும் உண்டு. அவர்களைப் பற்றி யாரும் தனியாக எழுதியதாகத் தெரியவில்லை.

தாங்கிக்கொள்வது என்றால் என்ன என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நெடுநேரம் பேசினோம். சோல்செனித்சின் 1962இல் வெளியிட்ட குறுநாவலில், இவான் டெனிசோவிச் என்ற கைதி ஒரு நாள் முழுவதும் உறைபனியில் சுவர் கட்டுகிறான். வேலை நேரம் முடிந்த பின்னும், மிஞ்சிய சாந்து வீணாகக்கூடாது என்று நின்று கட்டுகிறான். விலகிப் போய்த் திரும்பி, சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்கிறான். சுவர் யாருடையது? அவனைச் சிறை வைத்தவர்களுடையது. இது அடிமை மனமா, அல்லது அடிமையாகாமல் எஞ்சிய மனமா? ஆசிரிய நண்பர் முன்னதையே பிடித்துக்கொண்டார். மற்றவர்களுக்கு எர்ணாவூர் நண்பர் எப்போதோ சொன்னது நினைவிலிருந்தது: சம்பளமில்லாத அந்த ஏழு மாதத்திலும் தாம் வைத்த வெல்டிங்கில் ஒன்றுகூடப் பழுது வந்ததில்லை என்று. அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரலில் ஒரு பெருமை இருந்தது. விவாதம் முடியவில்லை. டீ ஆறிப்போயிற்று.

கணக்கும் கடனும் இல்லாத சிறை ஒன்றும் உண்டு. மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' அதைச் சொல்கிறது. 1942–43இல் ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டார்கள். மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் ஆயிரக்கணக்கில் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் பலர், அல்லது அவர்களின் பெற்றோர், சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பலேறியவர்கள். 1926 முதல் 1973 வரை அவ்வழியே ஓடிய 'ரஜூலா' கப்பலை எங்கள் பகுதியின் முதியவர்கள் இன்னும் உறவினரின் பெயரைச் சொல்வதுபோலச் சொல்கிறார்கள். பாதை போட்டதில் மாண்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் 12,000க்கு மேல். அவர்களுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. மாண்ட ஆசியத் தொழிலாளர் ஒரு லட்சத்தை நெருங்குவர் என்பது மதிப்பீடு. 1957இல் வந்த புகழ்பெற்ற ஆங்கிலப் படம் அப்பாதையின் பாலத்தைப் பற்றியதுதான். வெள்ளைக்காரக் கைதிகளின் கதை அது. தமிழர் அதில் இல்லை. அப்படம் பிடிக்கப்பட்டதோ இலங்கையின் கித்துல்கலவில், துன்பக்கேணியின் மலைநாட்டுக்கு அருகில்.

தோட்டத்துப் பேரேடாவது உயிரோடிருக்கும் கூலியை விரும்புகிறது, கடன் வசூலாக வேண்டுமே என்று. சயாம் காட்டில் அந்தத் தேவையும் இல்லை. ஒருவன் விழுந்தால் அடுத்த லாரியில் இன்னொருவன். இதைப் படித்த பிறகு கடன் என்ற விலங்கில்கூட ஏதோ ஒரு மனிதத் தொடர்பு இருப்பதாகச் சில நாட்கள் எண்ணிக்கொண்டோம். கடன் கொடுத்தவர்களுக்கு வசதியான எண்ணம் அது.

அந்த வசதியைக் குலைத்தது ஆ. சிவசுப்பிரமணியனின் 'தமிழகத்தில் அடிமை முறை'. கதை அல்ல, கல்வெட்டுகளையும் ஆவணங்களையும் கொண்டு எழுதிய ஆய்வு. அடிமையை எங்கோ பருத்திக் காட்டில் தேடும் நம் பழக்கத்தை அது நிறுத்துகிறது. நாங்கள் கூடுகிற தெருவின் முனையிலேயே தியாகராசர் கோயில் இருக்கிறது. வடிவுடையம்மனைப் பார்க்க வெள்ளிதோறும் வரிசை நீளும். அக்கோயிலின் பிற்காலச் சோழர் கல்வெட்டொன்று, நெல் குற்றுவதற்கெனச் சில பெண்களை, அவர்களுடைய வழித்தோன்றல்களோடு சேர்த்துக் கோயிலுக்குக் கொடுத்ததைப் பதிந்திருக்கிறது. இன்னும் பிறக்காதவர்களையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். 1843ஆம் ஆண்டுச் சட்டம் அடிமை உடைமையை ஏற்க மறுத்தது. 1976ஆம் ஆண்டுச் சட்டம் கொத்தடிமை முறையை ஒழித்தது. அதற்கு வெகுகாலம் பின்னரும் செங்குன்றத்து அரிசி ஆலைகளிலிருந்து, முன்பணத்துக்காகக் கட்டுண்டு கிடந்த இருளர் குடும்பங்கள் மீட்கப்பட்ட செய்திகளைப் படித்திருக்கிறோம். நெல் மட்டும் மாறவில்லை.

கடற்கரையில் நின்றால் நங்கூரமிட்ட கப்பல்கள் தெரியும். அவையும் அழகாகத்தான் இருக்கும். 2012 அக்டோபர் இறுதியில், நீலம் புயலின்போது சென்னையில் தரைதட்டிய 'பிரதிபா காவேரி'யின் மாலுமிகள், அதற்கு முன்பு எரிபொருளும் குடிநீரும் சம்பளமும் போதாமல் இதே கடலில் காத்துக் கிடந்தவர்கள். உயிர்காப்புப் படகு கவிழ்ந்து ஆறு பேர் இறந்தார்கள். கரை அவர்கள் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருந்தது.

கடைசியாகப் படித்தது பென்யாமினின் 'ஆடு ஜீவிதம்'. 2008இல் மலையாளத்தில் வந்து, விலாசினியின் மொழிபெயர்ப்பில் தமிழுக்கு வந்தது, 2024இல் திரைப்படமானது. பாலைவனத்து ஆட்டுப்பட்டியில் அகப்பட்ட நஜீப், ஆடுகளுக்கு ஊரிலுள்ளவர்களின் பெயரை வைத்து அழைப்பது அந்நூலின் உச்சம் என்பது எங்கள் துணிபு. குன்ட்டாவிடமிருந்து பிடுங்கப்பட்ட பெயரை இங்கே ஒருவன் ஆடுகளுக்குக் கொடுத்துத் தன்னை மனிதனாக வைத்துக்கொள்கிறான். இதை எர்ணாவூர் நண்பர் கட்டாயம் படிக்க வேண்டும் என்று எண்ணினோம். அவர் இப்போது எண்ணூர் நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு கண்டெய்னர் கிடங்கில் இரவுப் பணியில் இருக்கிறார். கொண்டுபோய்க் கொடுத்தோம். இரண்டு வாரத்தில் திருப்பித் தந்துவிட்டார். இருபதாம் பக்கத்துக்கு அருகே பேருந்துச் சீட்டு ஒன்று அடையாளமாகச் செருகப்பட்டிருந்தது.

வேறு என்ன வேண்டும் என்று கேட்டோம். 'பட்டாம்பூச்சி' இருக்கிறதா என்றார். ஓராண்டு விவாதித்து எங்கள் வரிசையில் கடைசியில் வைத்த நூல். அதுவா, என்று ஆசிரிய நண்பர் சற்று ஏமாற்றத்தோடு கேட்டுவிட்டார்.

"இதுல அவன் தப்பிச்சிடுவான்னு தெரியும்ணா" என்றார். "அதனால நடுவுல எங்க வேணா நிறுத்திட்டுத் தூங்கலாம்."

அந்தப் புத்தகம் இன்னும் அவரிடம்தான் இருக்கிறது. நாங்கள் கேட்கவில்லை.